பன்னிரண்டு பேரில் பதினொருவர் நாங்கள்

குட்மேய்ஸ்,
ஓகஸ்ட் 24, ஞாயிறு.

என்றும் என் மதிப்புக்குரிய அண்ணைக்கு,

தம்பி வாமதேவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாலினியும் மகள் றூபினியும் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே சட்டனில் உங்கள் வலது முழங்காலும், அண்ணியின் பிரஷரும், பின்வளவில் வைத்த கத்தரிக் கன்றுகளும் அதேபோல் நல்ல நிலையில் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

ஒரே லண்டனில் இருந்துகொண்டு, கையில் போனையும் வைத்துக்கொண்டு, இவன் ஏன் முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறான் என்று யோசிப்பீர்கள். காரணம் இருக்கிறது. போனில் நீங்கள் "என்னடா தேவன்?" என்று கேட்டவுடன் எனக்கு "ஓம் அண்ணை" என்பதைத் தவிர வேறு வார்த்தை வருவதில்லை. எனக்கு அறுபத்தாறு வயதாகிறது, இன்னும் வருவதில்லை. இந்த விடயத்தைச் சொல்வதற்கென்றே உங்களுக்கு மூன்று தடவை போன் எடுத்தேன். முதல் தடவை, உங்கள் மேல்மாடிக் கட்டிலைக் கழற்றித் தர வருவதாக ஒப்புக்கொண்டு போனை வைத்தேன். இரண்டாம் தடவை, தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாவுக்குக் கதிரை அடுக்க ஒப்புக்கொண்டேன். மூன்றாம் தடவை என்னத்துக்கு ஓம் சொன்னேன் என்பதே நினைவில்லை, ஆனால் நீங்கள் மிகவும் சந்தோசப்பட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். அண்ணை, நீங்களும் உங்களோடு சேர்ந்தவர்களும் ஒக்டோபரில் எங்களோடு நேபாளம் வருவதைத் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். எழுதிவிட்டேன். பேனையால் எழுதியது, இனி அழிக்க ஏலாது.

கோபப்படாமல் மிச்சத்தையும் வாசியுங்கள். இந்தப் பயணம் மாலினியுடையது. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருசத்தில் நாங்கள் ஏறாத பிளேன் இல்லை. கனடா, பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி, கொழும்பு எல்லாம் போய்விட்டோம். ஆனால் எல்லாம் கல்யாணவீடு, சாமத்தியவீடு, இல்லாவிட்டால் செத்தவீடு. பரிஸ் நகருக்குப் போய் ஈபிள் கோபுரத்தைப் பார்த்தோமா என்றால், மண்டபத்துக் கார்ப் பார்க்கிலிருந்து அதன் மேல்பாதியைப் பார்த்தோம். கடைசியாக மார்ச் மாதம் ரொறன்ரோவில் நடந்த கல்யாணத்தில் ஐந்து நாளும் வெங்காயம் உரித்தவள் மாலினி. திரும்பி வரும்போது பிளேனில் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "ஒருக்கா ஒரு இடத்துக்குப் போவம் என்ன? அங்கை எங்களை ஒருத்தருக்கும் தெரியக் கூடாது." இருபத்திரண்டு வருசம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு இந்த வருசம்தான் ஓய்வு எடுத்தவள். அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது எனக்குத் தெரிய இதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் றூபினியைக் கொண்டு தேடுவித்தேன். நேபாளத்துக்குப் பதினொரு நாள், ஆறுதலான கலாசாரச் சுற்றுலா, ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு பேர் மட்டும். காலை ஒன்பதரைக்கு முன் ஒருவரையும் எழுப்பமாட்டார்களாம். மலை ஏற வேண்டியதில்லை. காத்மாண்டுவில் கோயில்கள், பாட்டன் நகரில் வெண்கலச் சிலை செய்கிறவர்களின் பட்டறை, பக்தபூரில் ஒரு பின்னேரம் முழுக்க மரத்தில் செதுக்கிய ஜன்னல்கள், பொக்கராவில் ஏரிக்கரையில் இரண்டு நாள் சும்மா இருப்பது. நிகழ்ச்சி நிரலில் 'சும்மா இருப்பது' என்று எழுதியிருந்ததைப் பார்த்த மாலினி, அதை மூன்று தடவை வாசித்தாள். அடுத்த வாரமே இல்ஃபோர்ட் நூலகத்தில் அந்த ஜன்னல்களைப் பற்றி ஒரு பெரிய படப் புத்தகம் எடுத்துவந்து, சோறு அடுப்பில் கிடக்கப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். சோறு கிழமையில் இரண்டு நாள் அடிப்பிடித்தது. அதையும் தட்டை வழித்துச் சாப்பிட்டேன். அவ்வளவு சந்தோசம் எனக்கு.

பிழை விட்டது நான்தான். பெட்டி நிறுக்கிற கொளுக்கித் தராசு நம் குடும்பத்துக்கு ஒன்றுதானே இருக்கிறது? அது இப்போது யாரிடம் இருக்கிறது என்று 'குடும்பம் 3' வாட்ஸ்அப்பில் கேட்டேன். (முதல் இரண்டு குழுக்களும் எப்படி உடைந்தன என்பதை நீங்கள் அறிவீர்கள், அதற்குள் போகவில்லை.) நம் ஆட்கள் காரணம் இல்லாமல் அந்தத் தராசைக் கேட்பதில்லை என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் இல்ஃபோர்ட்டிலிருந்து மச்சான் விஜயரத்தினம் போன் எடுத்து, குரலைத் தாழ்த்தி, "ஆர் மோசம் போனது? எப்ப எடுக்கினம்?" என்று கேட்டார். ஒருத்தரும் சாகவில்லை என்றேன். "அப்ப கலியாணமே? எங்களுக்குச் சொல்லேல்லை?" என்று கோபித்தார். அவர் மனைவி பின்னாலிருந்து அழத் தொடங்கிவிட்டார், சாவுக்கா கல்யாணத்துக்கா என்று எனக்கு விளங்கவில்லை. வேறு வழியில்லாமல், சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று உண்மையைச் சொன்னேன். அவர் அதை மனைவிக்கும் திருப்பிச் சொன்னார். பிறகு, "அங்கை ஆர் இருக்கினம்?" என்றார். ஒருத்தரும் இல்லை என்றேன். "ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு நீங்கள் தனியப் போறதே? நாங்களும் வாறம்!" என்றார். வாயில் வந்தது, அண்ணை, அதே ஓம்தான்.

ஒரு கிழமைக்குள் சட்டனிலிருந்து நீங்கள் நான்கு பேர், இல்ஃபோர்ட்டிலிருந்து அவர்கள் ஐந்து பேர், எங்கள் இரண்டு பேரோடு சேர்த்துப் பதினொருவர். பன்னிரண்டாவது ஆள் ஹிலரி என்ற ஆங்கிலேயப் பெண்மணி, ஓய்வுபெற்ற ஆசிரியை, பாவம், எல்லாருக்கும் முதல் பதிந்தவர். அறிமுகக் கூட்டம் என்று கம்பனி சூமில் வைத்தது நினைவிருக்கும். மற்ற எல்லாக் கட்டத்திலும் நம் முகமே தெரிய, அந்த மனிசி ஒரு மூலையில் சிரித்துக்கொண்டு இருந்தார். அண்ணி அவரிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். கல்யாணமே செய்யவில்லை என்றதும், விஜயரத்தினம் மச்சான் "ஏன்?" என்றார். நீங்கள் ஹிலரிக்கு ஆறுதல் சொன்னீர்கள். இரண்டு நாள் கழித்து அவர் கம்பனிக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்: இது நேபாளக் கலாசாரச் சுற்றுலாவா, அல்லது ஒரு குடும்பத்தின் கலாசாரத்தைப் பார்க்கும் சுற்றுலாவா, இரண்டும் தனக்குச் சம்மதம், எந்த உடுப்பு கொண்டுவருவது என்று மட்டும் தெரிந்தால் போதும். கம்பனி அதை எனக்கு அனுப்பி, என்ன பதில் சொல்வது என்று கேட்டது. இரண்டுக்கும் பொருந்துகிற உடுப்பாகக் கொண்டுவரச் சொல்லி எழுதினேன்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் நிகழ்ச்சி நிரலைத் திருத்த இறங்கினீர்கள். அவ்வளவு தூரம் போய் முக்திநாத் கோயிலுக்குப் போகாமல் வருவதா என்று இரண்டு நாளைச் சேர்த்தீர்கள். அந்த இரண்டு நாள் வந்தது பொக்கரா ஏரிக்கரையிலிருந்து. காலை ஒன்பதரை ஐந்தரையானது. "ஜன்னல் பாக்கிறதுக்கு ஆரும் நேபாளம் போவினமே? வீட்டிலை ஜன்னல் இல்லையே?" என்று குழுவில் எழுதினீர்கள், பதினான்கு பேர் கைதட்டினார்கள், அதில் ஆறு பேர் பயணத்துக்கே வராதவர்கள். ஜன்னல் பார்க்க இருந்த அந்தப் பின்னேரத்தில் இப்போது விஜயரத்தினம் மச்சானின் மகளின் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிப்பதைப் பற்றிக் கூட்டம் நடக்கப் போகிறது. மண்டபம் இருப்பது ஹரோவில். அதைப் பக்தபூரில் இருந்து பேச வேண்டுமா என்று நான் கேட்கவில்லை, கேட்கிற தைரியம் வரவில்லை. நீங்கள் கெட்டதுக்குச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கின நாளிலிருந்து எனக்கு வேலை, வீடு, கல்யாணம் எல்லாம் ஒழுங்குபண்ணித் தந்தவர் நீங்கள். ஒழுங்குபண்ணுவது உங்கள் கைக்கு வந்துவிட்டது, ஒரு பயணத்தைக் கண்டால் அது சும்மா இராது.

ஆனால் அண்ணை, போன மாதக் கடைசியில் அண்ணி ஒரு பட்டியல் அனுப்பினார். யார் ரைஸ் குக்கர் கொண்டுவருவது, யார் மிளகாய்த்தூள், யார் மாசிக் கருவாடு என்று எல்லாம் வடிவாகப் போட்டிருந்தது. கடைசி வரியில், 'சமையல்: மாலினி, நாள் 1 தொடக்கம் 11 வரை.' ஹோட்டல் அறைக்குள் புட்டு அவிக்க விடுவார்களா என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. நான் மாலினிக்கு அதைக் காட்டாமல் மறைக்கப் பார்த்தேன், அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாள் என்பதை மறந்துவிட்டேன். அவள் பல தடவை புதுப்பித்து இந்த மாதம் பதினெட்டாம் திகதி கொடுக்க வேண்டிய நூலகப் புத்தகத்தை ஐந்தாம் திகதியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். "முழுக்கப் பாத்து முடிச்சிட்டியோ?" என்று கேட்டேன். "இனி என்னத்துக்கு?" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோறு அடிப்பிடிப்பதில்லை, அண்ணை. அதுதான் எனக்குத் தாங்கேலாமல் இருக்கிறது.

அவளுக்காக ஒருதரம்கூட நான் 'இல்லை' என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கு ஓம், மச்சானுக்கு ஓம், கோயில்காரருக்கு ஓம், இந்த ஓம் எல்லாவற்றுக்கும் சேர்த்து வெங்காயம் உரித்தது அவள். எனவே உங்களை மன்றாடிக் கேட்கிறேன். நீங்கள் நிறுத்தினால் மற்றவர்கள் தானாக நிற்பார்கள், நம் குடும்பத்தில் அதுதான் வழக்கம். அடுத்த வருசம் நாம் எல்லாருமாக எங்கே வேண்டுமானாலும் போவோம், நானே சமைக்கிறேன், பருப்பு வைக்கத் தெரியும். என்னோடு கோபித்து ஒரு வருசம் பேசாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் கட்டில் கழற்ற எந்தச் சனிக்கிழமை வருவது என்பதை மட்டும் றூபினியிடம் சொல்லிவிடுங்கள். இந்த வருசம் எங்களை விட்டுவிடுங்கள், அண்ணை.

அண்ணிக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் அன்பையும், பேரனுக்கு ஒரு முத்தத்தையும் சேர்த்துவிடவும். முழங்காலுக்கு அந்தப் பச்சைத் தைலத்தைக் காலையிலும் பூசுங்கள்.

இந்தக் கடிதம் தவிர்ந்த எல்லா விடயத்திலும்
உங்கள் சொல் கேட்கும் தம்பி,
வாமதேவன்.

பி.கு: கடிதத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டு முத்திரை வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது மாலினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நின்றபடியே முழுவதும் வாசித்துக்கொண்டிருந்தாள். "இதை அண்ணைக்கு உண்மையா அனுப்பப் போறியளோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். பிறகுதான் சொன்னாள்: அந்தப் பட்டியல் வந்த கிழமையே தான் கம்பனிக்குப் போன் பண்ணி, எங்கள் இரண்டு இடத்தையும் நவம்பர் குழுவுக்கு மாற்றிவிட்டாளாம். ஒக்டோபரில் காலியான இரண்டையும் விஜயரத்தினம் மச்சானின் சம்பந்தி வீட்டார் எடுத்துவிட்டார்களாம். ஆகவே அண்ணை, மேலே எழுதிய ஒன்றையும் பொருட்படுத்த வேண்டாம். நீங்கள் எல்லாரும் தாராளமாகப் போய்வாருங்கள், முக்திநாத்தில் எங்களுக்கும் ஒரு விளக்கு ஏற்றுங்கள், ஹிலரி அம்மாவைக் கவனமாகப் பாருங்கள். சமையலுக்கு மட்டும் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும்.

"இவ்வளவு நாளும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "நவம்பருக்கு ஒரு சீட்டுக்குத்தான் என்ரை பேரைக் குடுத்தனான். மற்றதுக்கு ஆரெண்டு பிறகு சொல்லுறன் எண்டு வச்சிருந்தனான்," என்றாள். நான் முத்திரை ஒட்டும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போனை எடுத்து என் பெயரைக் கம்பனிக்கு எழுத்து எழுத்தாகச் சொன்னாள். நவம்பரில் எந்தத் திகதி என்று எனக்குத் தெரியாது. ஏர்போர்ட்டில் வைத்துச் சொல்வாளாம்.