பதினோரு மணித் தும்மல்

இப்படிக் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. அந்தப் பக்கம் சாரல் அடிக்கிறது. முட்டியோடு முட்டி இடித்தால் இடிக்கட்டும். எட்டி எட்டி உட்கார்ந்த காலம் போய்விட்டது. அந்தக் காலத்துக் கதை ஒன்றுதான் சொல்லப் போகிறேன். எழுந்து போகும்போது உங்கள் மனசு வந்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் லேசாக இருக்கும். அதற்கு நான் பொறுப்பு.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பதினோரு மணியாக இரண்டு நிமிஷம் இருந்தது. பிச்சுமணி, காலி அரிசி டின்னுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

அரிசி தேடுவதற்கு அல்ல. தும்முவதற்கு.

முப்பத்தாறு வருஷம் மிளகுப் பண்டகசாலையில் மூக்கை வைத்துப் பிழைத்த மனிதர் அவர். ஒரு பிடி மிளகை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால் போதும், எந்த மலையில் விளைந்தது, சாக்கில் எத்தனை மாசம் தூங்கியது என்று சொல்லிவிடுவார். வேலையை விட்ட பிறகும் அந்த மூக்கு வேலையை விடவில்லை. எதிர்ப் பண்டகசாலையில் மிளகுச் சாக்கைப் புரட்டுகிற நேரம் காலை பதினோரு மணி. அப்போது அவருக்கு ஏழு தும்மல் வரும். ஆறும் இல்லை, எட்டும் இல்லை. கொரோனா ஊரடங்கு வந்து பண்டகசாலையைப் பூட்டிவிட்டார்கள். மூக்குக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஷௌகத் அலி, சுக்கு வியாபாரி. பாலக்காட்டிலிருந்து வந்த ராவுத்தர் குடும்பம். பிச்சுமணியும் பாலக்காட்டுப் பட்டர், அதாவது அங்கே குடியேறின தமிழ்ப் பிராமணர். பதினெட்டு வருஷமாக ஒரு வழக்கம். இவர் ஒரு தும்மல் போட்டால் அந்தப் பக்கத்திலிருந்து, "நூறு!" என்று குரல் வரும். அடுத்ததற்கு "இருநூறு!" ஏழாவதற்கு "எழுநூறு!"

"எழுநூறு வருஷம் இருந்து என்ன பண்ணச் சொல்றேள் பாய்?"

"நம்ம கார்ப்பரேஷன் இந்த ஓடையத் தூர்வாருற வரைக்கும் இருங்க சாமி. அதைப் பாக்க ஒரு ஆளாவது வேணாமா?"

எதிர்வீட்டுக் கமலாக்ஷி மாமி ஜன்னலிலிருந்து சீறுவாள். "உம்ம தும்மலும் அவர் எண்ணிக்கையுமா, என் குக்கர் விசில் கணக்குத் தப்பிப் போறது!"

அப்படி இருந்த தெருதான். ஒருநாள் தெருமுனையில் ஆம்புலன்ஸ் வந்து ஒருவரை ஏற்றிக்கொண்டு போனது. அவர் பதினைந்தாம் நாள் திரும்பி வந்துவிட்டார், கொஞ்சம் சதைபோட்டுக்கூட. ஆனால் 'ஃபோன் பண்ணினது யார்?' என்ற கேள்வி தெருவிலேயே தங்கிவிட்டது. ஜன்னல்கள் பாதி சாத்திக்கொண்டன. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் ஒன்றையொன்று அளந்தன. ஃபோனுக்குள் விதவிதமாகச் செய்திகள் வந்தன, இந்தக் கூட்டம்தான் பரப்புகிறது, அந்தக் கூட்டம்தான் மறைக்கிறது என்று.

அப்படி ஒரு செய்தி, ஷௌகத் அலியின் ஆட்களைப் பற்றியது, ஞாயிற்றுக்கிழமை பிச்சுமணிக்கு வந்தது. இது பொய்தானே என்று பெங்களூரில் இருக்கும் மகள் அஞ்சனாவிடம் கேட்பதற்காக அனுப்பினார். கட்டைவிரல் தடித்த விரல். செய்தி பெங்களூருக்குப் போகாமல் தெருக் குழுவுக்குப் போனது. பதறி அழித்தார். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி மட்டும், துடைத்தும் போகாத கறைபோல நின்றது.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஏழு தும்மல் போட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் நிசப்தம். நூறும் இல்லை, இருநூறும் இல்லை.

'பாய் பார்த்துட்டார்' என்று நினைத்தார் பிச்சுமணி. 'இனிமே என் தும்மலுக்கு அவர் நூறு சொல்லமாட்டார். ஃபோன்தான் பண்ணுவார்.'

மனைவி, அஞ்சனாவின் பிரசவத்துக்குப் போனவள், பெங்களூரிலேயே மாட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் இவர் ஒற்றை ஆள். தும்மலை மறைப்பது தவிர வேறு வழி தெரியவில்லை. அதனால்தான் அரிசி டின்.

டொம்ம்! டொம்ம்! டொம்ம்! தும்மல் வெளியே போகவில்லை. டின்தான் கோயில் முரசுபோல முழங்கியது.

"பிச்சுமணி! என்ன சத்தம் அது?" எதிர் ஜன்னலிலிருந்து கமலாக்ஷி.

"டின் விழுந்துடுத்து மாமி!"

"ஏழு தடவையா?"

"ஏழு டின்."

"ஒத்தை ஆளுக்கு ஏழு டின்னா?" என்று கேட்டுவிட்டு மாமி ஜன்னலைச் சாத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மத்தியானம் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தார். மழை ஓய்ந்து, ஓட்டு இடுக்கு வழியாக வெயில் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. கடைத்தெருவில் ஆள் இல்லை. பூனைகள் நடுரோட்டில் படுத்து ஊரை வாங்கிவிட்டதுபோல் நீட்டி நிமிர்ந்தன. நின்றுபோன படகு எங்கோ ஊதுவதுபோல ஒரு பிரமை. கனவில் அவருடைய தும்மல்கள் ஏழும் ஏழு வெள்ளைக் கொக்குகளாகி ஒட்டுச்சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நூறு சொன்னால்தான் பறப்போம் என்று காத்திருந்தன. யாரும் சொல்லவில்லை. கொக்குகள் அவரையே பார்த்தன.

சாயங்காலம் அஞ்சனா கூப்பிட்டாள். "குரலே சரியில்லையேப்பா. மனசு சமாதானமா இருக்கணும். கண்ணை மூடிண்டு, மூக்கால மெதுவா மூச்சை உள்ள இழு. ஆழமா."

இழுத்தார். மிளகு ஊறின ஊர் அது, சுவரெல்லாம் மிளகு. பாதி சமாதானத்திலேயே மூக்கு அரிக்கத் தொடங்கிவிட்டது.

"வேண்டாம்மா. சமாதானம் மூக்கு வழியா வரவேண்டாம்."

புதன்கிழமை பஞ்சைத் தைலத்தில் நனைத்து இரண்டு நாசியிலும் இறுக அடைத்துக்கொண்டார். பதினோரு மணி வந்தது, போனது. கண்ணில் நீர் முட்டியது. காது இரண்டும் விடைத்தன. ஆனால் ஒரு தும்மல் வரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"பிச்சுமணி! உங்காத்துல பால் கருகி ஊரே நாறறது! உமக்குத் தெரியலையா?"

ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். "தெரியலை பாபி!" என்றார். மூக்கடைப்பில் மாமி பாபியாகிவிட்டாள்.

எதிர் ஜன்னலில் மாமியின் கை வாய்க்குப் போனது. "வாசனை தெரியலையா? உமக்கா?"

அந்த நாட்களில் வாசனை போவது என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டாம். அதுவும் யாருக்கு? மலையின் பேரைச் சொல்லும் மூக்குக்கு. அரைமணி நேரத்தில் செய்தி தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்தது. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தார். ஷௌகத் அலியும் அவர் மனைவி நசீபாவும் வாசலில் கிசுகிசுத்துக்கொண்டு நின்றார்கள். ஷௌகத் அலி விரல்விட்டு எதையோ எண்ணினார். பிறகு இவர் ஜன்னலைப் பார்த்தார்.

'எத்தனை வருஷம் உள்ள வைக்கலாம்னு எண்ணறார்' என்று நினைத்துக்கொண்டார் பிச்சுமணி.

வியாழக்கிழமை ஒரு யோசனை வந்தது. மூக்கு வேலை செய்கிறது என்று நிரூபித்துவிட்டால்? பதினோரு மணிவரை பஞ்சை வைத்திருந்தார். ஆபத்து கடந்ததும் எடுத்தார். ஜன்னலை அகலத் திறந்து தெரு முழுக்கக் கேட்கும்படி கூவினார்.

"பாய் ஆத்துல நெய்ச்சோறு! பட்டை ஒரு துண்டு கூடிப் போச்சு! மூலை வீட்ல கப்பைக்கிழங்கு வேகறது, உப்புப் போடலை! கமலாக்ஷி மாமி ஆத்துல..."

இழுத்து முகர்ந்தார். திகைத்தார். மூக்கு பொய் சொல்லிப் பழகாத மூக்கு. வாயும் அதன் பின்னாலேயே போய்விட்டது.

"...கருவாடு!"

பட்டர் வீட்டு அடுக்களையில், மூன்று தலைமுறையாகச் சைவமான அடுப்பில், கருவாடு.

கமலாக்ஷி மாமி ஜன்னலில் தோன்றினாள். முகம் வற்றல் மிளகாயாக இருந்தது. "கேட்டேளா, எல்லாரும் கேட்டேளா! எங்காத்துல கருவாடாம்! போச்சு, அந்த மனுஷனுக்கு வாசனை சுத்தமாப் போயே போச்சு!"

ஜன்னலை அறைந்து சாத்தினாள். நிரூபிக்கப் போனவருக்கு இப்போது சாட்சியும் சேர்ந்துவிட்டது.

அன்று பகலெல்லாம் பிச்சுமணி சுவர் ஓரமாகவே உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் லேசாக ஓர் உரசல் கேட்டது. நாற்காலிமேல் ஏறி, சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளி வழியாக எட்டிப் பார்த்தார். ஷௌகத் அலி ஒரு எவர்சில்வர் டம்ளரைச் சுவரில் கவிழ்த்து, அதன்மேல் காதை வைத்துக் கண்மூடி நின்றிருந்தார்.

'ஒட்டுக் கேட்கிறார். ஆதாரம் சேக்கறார்.'

கோபம்கூட வரவில்லை. ஏதோ தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு மயக்கம். இந்தப் பக்கத்துச் சுவரில் அவரும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுவர் இளஞ்சூடாக இருந்தது. பதினெட்டு வருஷ நூறுகளும் இருநூறுகளும் இதற்குள்தானே ஊறிக் கிடக்கின்றன, ஒன்றே ஒன்று கசியாதா என்று காத்திருந்தார். ஆம்புலன்ஸ்கூட வந்துவிட்டுப் போகட்டும். ஏறும்போது அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணியாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆம்புலன்ஸ் வந்தது.

வார்டின் ஆஷா சுகாதார ஊழியர் சுபாஷிணி, தலையிலிருந்து கால்வரை வெள்ளை உறை மாட்டிக்கொண்டு இறங்கினாள். நிலாவிலிருந்து வந்தவள்போல மெல்ல நடந்து வந்து கதவைத் தட்டினாள். எல்லா ஜன்னலும் திறந்தன. ஷௌகத் அலியும் நசீபாவும் வாசலில்.

"பிச்சுமணி மாமா! கதவைத் துறக்கணும் கேட்டோ!"

கதவு திறந்தது. பிச்சுமணி ஒரு துணிப்பையுடன் நின்றார். அதில் இரண்டு வேட்டி, ஒரு விபூதிச் சம்புடம்.

"வந்துடறேன்மா. போறதுக்கு முன்னால ஒரே ஒரு வார்த்தை." ஷௌகத் அலி பக்கம் திரும்பினார். "பாய், அந்த மெசேஜ் அஞ்சனாக்கு அனுப்பினது. பொய்யான்னு கேக்கத்தான். விரல் தப்பிடுத்து. நீங்க பாத்திருப்பேள்."

"பாத்தேன் சாமி. நீங்க அழிக்கிறதுக்கு முன்னாலயே பாத்துட்டேன்."

ஷௌகத் அலி வாசற்படியிலிருந்து ஒரு படி இறங்கி வந்தார்.

"எனக்கும் உங்க ஆளுகளைப் பத்தி ஒண்ணு வந்துச்சு. நானும் அழிச்சேன். ஒரே வித்தியாசம், நான் அனுப்புறதுக்கு முன்னால அழிச்சேன்."

"அப்போ திங்கக்கிழமை ஏன் நூறு சொல்லலை?"

ஷௌகத் அலி தரையைப் பார்த்தார். "அன்னைக்குத் தொண்டை கட்டிப்போச்சு. நூறுன்னு கூவினா இருமல் வந்துரும். இருமினா நீங்க ஃபோன் பண்ணிருவீங்களோன்னு..."

"நானா?"

"வாயில தலையணையை வெச்சு அழுத்திக்கிட்டேன் சாமி."

"தலையணையா! நான் அரிசி டின்!"

நசீபா முக்காட்டுக்குள் சிரித்துவிட்டாள். சுபாஷிணி மட்டும் சிரிக்கவில்லை. "மாமா, அதெல்லாம் இருக்கட்டும். உங்களுக்கு வாசனை தெரியலைன்னு நான் இறங்கறப்போ அந்த எதிர்வீட்டு மாமி ஜன்னல்லேருந்து பறஞ்சாளே, உள்ளதா? உள்ளதுன்னா கூட்டிண்டு போகணும்."

"நில்லு!" எதிர்வீட்டிலிருந்து கமலாக்ஷி மாமி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள். வந்து நடுத்தெருவில் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். "அந்த மூக்குக்கு ஒரு கோளாறும் இல்லை."

"நீங்கதானே மாமி சொன்னேள்..." என்றாள் சுபாஷிணி.

"கருவாடுதான்டீ! காய்கறி வண்டி பத்து நாளா வரலை. நசீபா அதுல கொஞ்சம் சம்மந்தி, துவையல்தான், அரைச்சுக் குடுத்தா. முதல் நாள் கண்ணை மூடிண்டு சாப்பிட்டேன். மூணாம் நாள் நானே கேட்டு வாங்கிண்டேன். போருமா? அந்த மனுஷனை விடு!"

அப்போது மணி பதினொன்று ஆயிற்று.

பிச்சுமணியின் முகம் சுருங்கியது. டின் உள்ளே இருந்தது. பஞ்சு அதற்கும் உள்ளே இருந்தது. துணிப்பையால் பொத்தப் பார்த்தார். மூன்று நாளாக அடைபட்டுக் கிடந்தது, பையோடு சேர்ந்து வெடித்தது.

ஹச்சூ!

விபூதிச் சம்புடம் திறந்து வெள்ளைப் புகையாகப் பறந்தது. ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் ஒரு பெருமூச்சு கேட்டது. கமலாக்ஷி மாமி கைகூப்பி, "குருவாயூரப்பா" என்றாள். ஷௌகத் அலி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போச்சு, எல்லார் முன்னாலயும் ஆச்சு என்று நினைத்தார் பிச்சுமணி. "ஆமாம்மா, தும்மறேன். தினம் தும்மறேன். உண்மையைச் சொல்லு, கோச்சுக்கமாட்டேன். நான் தும்மறேன்னு உனக்கு ஃபோன் பண்ணினது யாரு?"

சுபாஷிணி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். முகக்கண்ணாடியைத் தூக்கி இன்னொரு தடவை பார்த்தாள்.

"தும்மறேள்னு ஒருத்தரும் சொல்லலையே மாமா. மூணு நாளா தும்மல் கேக்கலை, ஒத்தைக்கு இருக்கற மனுஷன், உடம்புக்கு என்ன ஆச்சுன்னு வந்து பாருங்கோன்னு பதினாலு வீட்லேருந்து ஃபோன். முதல் ஃபோன் ஷௌகத் இக்காவோடது."

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பில் வேகிறது எதுவானாலும் நன்றாக வேகட்டும். உங்கள் வீட்டில் யார் தும்மினாலும், சுவருக்கு அந்தப் பக்கம் எண்ணிக்கொண்டிருக்க ஒரு குரல் இருக்கட்டும். உங்களுக்கு நூறு. உங்கள் பிள்ளைகளுக்கு இருநூறு. அடுத்த வீட்டுக்கு எழுநூறு.