காதுக்கு அச்செடுத்த பல் செட்டுக்காரர்

அப்பாவும் மகனும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஒரு வயரில் சிக்கெடுத்தது. அரூர் வீட்டுக் கூடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அப்பா மாயவனின் சட்டைப் பையிலிருக்கும் காது மிஷினிலிருந்து காதுக்குப் போகிற வயர் அது. அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மகன் ராஜப்பன் மறு முனையைப் பிடித்து முறுக்கை நீவிவிட்டார். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை முடிந்ததும் மகன், "கேக்குதாப்பா?" என்றார். அப்பா தலையாட்டினார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டி, மகன் தர்மபுரி பஸ் ஏறினார்.

இப்படி முடிவுகட்டுவதற்கென்றே ஒரு மனித இனம் இருக்கிறது. "கொண்டாங்க, நான் பாக்கறேன்" இனம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் வைத்திருப்பார்; கல்யாண வீட்டுக்கு வந்தால் மாப்பிள்ளையைப் பார்க்கும் முன் மைக் செட்டைப் பார்ப்பார், ஆடுகிற நாற்காலிக் காலுக்குக் காகிதம் மடித்து வைப்பார், சாவு வீட்டில் அழுதுகொண்டிருக்கிறவர்களின் தலைக்கு மேலே சுற்றும் ஃபேன் ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது என்று அண்ணாந்து நிற்பார். கெட்டவரில்லை. நம்மை விட நல்லவர். அதுதான் தொந்தரவு.

ராஜப்பன் இந்த இனத்தில் படித்தவர். மெட்ராஸில் இரண்டு வருஷம் பயிற்சி எடுத்து, தர்மபுரியில் பல் செட் கட்டுகிறார். எண்பத்தாறாம் வருஷக் கணக்கில் இந்த ஜில்லாவில் பாதிப் பேர் அவர் கட்டிய பல்லில்தான் மென்றார்கள் என்பது அவருடைய நம்பிக்கை.

அப்பாவோ புளி மண்டியில் முப்பது வருஷம் ஏலம் கூவியவர். அவர் மண்டியில் வாயைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவன் விலை கேட்பான். ஏலத்தை விட்ட பிறகும் பேச்சை விடவில்லை. காது மந்தமானதும் பேச்சு இன்னும் கூடியது; மற்றவர்கள் பேசுவதைக் கேட்கிற நேரம் மிச்சமல்லவா?

சேலத்துக் காது டாக்டர் மிஷின் எழுதிக் கொடுத்தார். கூடவே காதில் செருக மூன்று ரப்பர் குமிழ்கள். பெரிசு, நடுத்தரம், சிறிசு. சிறிசே உள்ளே போகவில்லை. "காது துவாரம் ரொம்பக் குறுகலுங்க. மெட்ராஸ்ல அளவெடுத்துச் செய்யணும்" என்றார் டாக்டர்.

"மெட்ராஸ் என்னாத்துக்குங்க? நான் செஞ்சுக்கறேன்" என்றார் ராஜப்பன். வேறென்ன சொல்வார்? வாய்க்கு அச்செடுக்கிறவருக்குக் காது எந்த மூலைக்கு? பல்லில்லாத சின்ன வாய்தானே அது!

அப்பாவைத் தன் கடைப் பல் நாற்காலியில் சாய்த்து, மாவு காதுச் சவ்வுவரை போகாமலிருக்க நூல் கட்டிய பஞ்சு உருண்டையை உள்ளே வைத்து, மேலே அச்சு மாவைப் பிசைந்து விட்டார். அதுவரை அவர்மேல் குறை சொல்ல முடியாது.

"அசையாதீங்க. வாய மூடிக்கங்க. பேசக் கூடாது."

"எவ்ளோ நேரம்டா?"

"பாத்தீங்களா, பேசிட்டீங்க. மறுபடி மொதல்லேருந்து."

மூன்றாவது தடவை அப்பா வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டார். அச்சு கல் மாதிரி வந்தது. பல் செட்டுக்கு ஊற்றுகிற அதே சரக்கை ஊற்றி, வேகவைத்து, அரம் போட்டு, மெருகேற்றினார். ஒரே ஒரு குறை: அது ஈறு நிறம். அரூரில் காதுக்குள் ஈறு முளைத்த ஒரே மனிதர் மாயவன்தான்.

"வலிக்குதுடா."

"எங்க வலிக்குது?"

"காதுலதான்."

"காதுல எந்த எடத்துல?"

"காது இருக்கற எடத்துலடா!"

ராஜப்பன் அரத்தை எடுத்தார். தேய்த்தால் வலி போயிற்று, ஆனால் இடுக்கு விழுந்து மிஷின் விசிலடித்தது. டீக்கடைப் பெரியண்ணன், "என்ன மாமா, கண்டக்டர் வேல கெடச்சிருச்சா? ரைட்டா, போலாமா?" என்று கேட்டார். விசிலை நிறுத்தக் கொஞ்சம் கெட்டியாகச் செய்தால் மறுபடி வலி. மெல்லிசாக்கினால் நடுவில் சத்தம் போகத் துளை போட இடமில்லை. இப்படி ஆறு அச்சு. சண்டை இப்போது அப்பாவின் வலியோடு அல்ல, அப்பாவின் காதோடு. "உங்க காது சரியில்லப்பா" என்றுகூட ஒரு நாள் சொன்னார். ஆண்டவன் கொடுத்த அளவில் ராஜப்பனுக்குத் திருப்தியில்லை.

ஏழாவது அச்சு விசிலடிக்கவில்லை. அப்பா வலிக்கிறது என்றும் சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை.

இதற்குப் பிறகு வந்த எட்டு ஞாயிற்றுக்கிழமைகளும் ராஜப்பனின் பொற்காலம். அவர் வந்து உட்காருவார். அப்பா மிஷினை மாட்டிக்கொண்டு எதிரே உட்காருவார். ராஜப்பனின் முப்பத்தாறு வயதில் முதல் தடவையாக, அப்பா அவர் பேச்சை நடுவில் வெட்டாமல் கேட்டார். மகன் அரப்பொடி பற்றிப் பேசினார். மின்வெட்டு பற்றிப் பேசினார். கிருஷ்ணகிரியில் ஒருவர் பல் செட்டை விழுங்கிய கதையை இரண்டு தடவை சொன்னார். அப்பா தலையாட்டினார். "காது கேக்க ஆரம்பிச்சதும் ஆளு எப்படி அடங்கிட்டாரு பாரும்மா" என்று அம்மா குள்ளம்மாளிடம் பெருமைப்பட்டார். அம்மா சாம்பாரை ஊற்றிவிட்டுப் போனார்.

வயர் சிக்கெடுத்த ஞாயிறு கழிந்து புதன்கிழமை விடிகாலை, அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்.

அன்றைக்கே துக்கத்துக்கு வந்த பெரியண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கடைக்கு வந்தா மொதல்ல காதுல இருக்கறதப் புடுங்கிப் பையில போடுவாரு மாப்ள. அப்புறம் ஆரம்பிப்பாரு பாரு, டீ ஆறிப் போயிரும்."

"பேசுவாரா?"

"என்ன மாப்ள இப்படிக் கேக்கற? நேத்துகூட மூணு பஸ்ஸ வுட்டுட்டு ஒரு ஆளு நின்னு கேட்டுக்கிட்டிருந்தான்."

எல்லாரும் போன பிறகு ராஜப்பன் அம்மாவிடம் போய் நின்றார். "என்கிட்ட மட்டும் ஏம்மா பேசல?"

"சும்மா இருந்தா வலிக்காது சாமி. வாயத் தொறந்தாதான் வலிக்கும். பேசுனா உள்ள குத்துதுன்னாரு. சோறு திங்கறப்பவும் கழட்டிருவாரு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"ஆறு வாட்டி சொன்னாரே. ஏழாவது வாட்டி உன் மூஞ்சியப் பாத்தாரு. 'பையன் சந்தோசமா இருக்கான், வுடு புள்ள'ன்னுட்டாரு."

நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சுண்டு விரலைக் காது துவாரத்தில் மெல்ல வையுங்கள். இப்போது வாயைத் திறந்து மூடுங்கள். அசைகிறதா? தாடை ஆடினால் துவாரத்தின் வடிவம் மாறுகிறது. அகலமான காதுக்கு அது பெரிய விஷயமில்லை; குறுகலான காதில் ஒரு மயிரிழை போதும். இது யாருக்குத் தெரியாவிட்டாலும் தாடையை வைத்துப் பிழைக்கிற ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? பல் செட் வாங்கியவரை "ஏதாவது பேசிக் காட்டுங்க" என்று சொல்லாமல் ராஜப்பன் ஒரு நாளும் கடையை விட்டு அனுப்பியதில்லை. சொந்த அப்பாவை மட்டும் பேசச் சொல்லவில்லை. கேக்குதா என்று மட்டும் கேட்டார். கேட்டது.

நீங்கள் அந்த இனமில்லை என்கிறீர்கள். நல்லது. ஆனால் இதைப் படிக்கிறபோது விரலைக் காதில் வைத்துச் சோதித்தீர்களே, அது போதாதா? சோதித்து முடித்துவிட்டீர்கள் என்றால் இன்னொன்றும் பாருங்கள். நீங்கள் சரிசெய்து கொடுத்த ஏதோ ஒன்றோடு உங்கள் வீட்டில் யாராவது சமீபமாக ரொம்ப அமைதியாக இருக்கிறார்களா?

அம்மா இன்னும் முடிக்கவில்லை.

"அப்புறம் அவரே ஒரு நாளு காதுல வெரல வெச்சுப் பாத்துக் கண்டுபுடிச்சாரு. 'வாயத் தொறந்து வெச்சுக்கிட்டு அச்செடுக்கணும், புள்ள. அவன் மூடச் சொல்லிட்டான்'னாரு. இந்த வெள்ளிக்கெழம தர்மபுரி வந்து உன்கிட்டச் சொல்றேன்னாரு. கடையில வெச்சுச் சொன்னா கோவப்பட மாட்டானாம்."

ராஜப்பன் வாயைத் திறந்தார். கேட்க எவ்வளவோ இருந்தது. வந்தது இதுதான்:

"எந்த பஸ்ஸுக்கும்மா?"

"ஆறரை பஸ்ஸுக்கு. வெள்ளச் சட்டையக்கூடத் தொவச்சு வெச்சிருக்கேன்."