பெரிய கிளாக்கர் வீட்டு இரைச்சல்

"நேற்று 'கொர்' எண்டு இரைஞ்சது, தம்பி. நீர் வந்து திருத்தின பிறகு சீட்டியெல்லோ அடிக்குது" என்றார் பெரிய கிளாக்கர் பரமலிங்கம்.

"பாக்கிறன் ஐயா" என்றான் இளையதம்பி. அவனுடைய தலை வானொலிப் பெட்டியின் முதுகுக்குள் இருந்தது.

பசறைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் அவன் கணக்கெழுதும் சின்னக் கிளாக்கர். தபால் மூலம் வானொலிப் பாடம் படித்துச் சான்றிதழ் வாங்கியவன். அதை அந்தக் கந்தோரில் நாலு பேர் முன்னால் சொல்லிக்காட்டினான். மறுநாளே பெரிய கிளாக்கர் கூப்பிட, அவர் வீட்டு முன்னறையில் வானொலியின் முன்னால் முழங்காலில் நின்றான்.

நின்றதற்கு வேறு காரணமும் உண்டு. பரமலிங்கத்தாரின் மகள் யோகமலர் பசறையில் ஆசிரியை. அவளைப் பெண் கேட்டு வரும்படி சாவகச்சேரியிலிருக்கும் மாமாவுக்கு எழுத வேண்டும் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தான். முதலில் கெட்டிக்காரன் என்று அந்த வீட்டில் பேர் எடுப்பது, பிறகு எழுதுவது என்பது திட்டம். பேர் எடுக்கப் போன இடத்தில் பெட்டி சீட்டியடித்தது.

முதல் நாள் வேலையில் பிழையே இல்லை என்று அவன் சத்தியம் பண்ணுவான். வீடுகளுக்கு மின்சாரம் தேயிலை பக்டரியிலிருந்து வந்தது. அதன் இரைச்சல் பெட்டிக்குள் ஏறாமலிருக்க, ஒரு செப்புக் கம்பியை நிலத்தில் இறக்கிப் பெட்டியோடு இணைத்தான். 'கொர்' அடங்கிவிட்டது. கொழும்புச் செய்தி பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோலத் தெளிவாகக் கேட்டது. பெருமையோடு வீட்டுக்குப் போய் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான்.

இப்போது தேடிப் பார்த்ததில், ஒரு வால்வின் தகர மூடி சாய்ந்திருந்தது. நேற்று தன் முழங்கைதான் பட்டிருக்கும் என்று தன்னையே நொந்துகொண்டு நிமிர்த்தி வைத்தான். சீட்டி நின்றது. பரமலிங்கம் வெற்றிலை போட்டுக்கொண்டே தலையாட்டினார்.

மூன்றாம் நாள் பெட்டி படபடவென்று பொரிந்தது. செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் யாரோ ஹிந்தியில் பாடினார்கள். ஏரியல் கம்பியில்தான் கோளாறு என்று இளையதம்பி கூரையில் ஏறினான். வீட்டு வேலைக்குத் தொழிலாளர் லயத்திலிருந்து வரும் வேலாயி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். கூரைத் தகரம் துருப்பிடித்திருந்தது. அவனுடைய வலது கால் அதற்குள் இறங்கியது. காலை உருவிக்கொண்டு கீழே வந்து பார்த்தால், பெட்டியின் பின்னால் ஏரியல் திருகாணி இளகிக் கிடந்தது. இறுக்கியதும் பாட்டுக்காரர் போய்விட்டார். இதை முதலிலேயே பார்த்திருந்தால் கூரை தப்பியிருக்கும்.

அன்று பின்னேரம் மழை பிடித்தது. பஸ்ஸில் கொண்டக்டரோடு சண்டை பிடித்துவிட்டு வந்த யோகமலர், வீட்டில் வைத்திருந்த தன் மாணவர்களின் கொப்பிகள் முப்பதும் கூரை ஓட்டை ஒழுகி நனைந்திருப்பதைக் கண்டாள். இளையதம்பியைக் கூப்பிட்டு நிறுத்தி, கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசினாள். அவனுடைய சான்றிதழும் அந்தப் பேச்சிலிருந்து தப்பவில்லை.

"உங்கட திருத்தத்தை விட அந்தப் பழைய இரைச்சலே மேல்" என்று முடித்தாள்.

"பிழைதான் ரீச்சர். விடிய வந்து அடைச்சுத் தாறன்" என்றான் அவன். சொன்னபடியே விடிய வந்து தார் பூசி ஓட்டையை அடைத்தான். கொப்பிகளையும் அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காயவைத்தான். பெரிய கிளாக்கர் சாய்மனைக் கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் 'கொர்', சீட்டி, பொரியல் மூன்றும் ஒன்றாகக் கேட்டன. அவனுக்குத் தலை சுற்றியது. தீர்த்த வியாதி எல்லாம் கூட்டாகத் திரும்பி வருமா? தான் படித்த பாடத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆகவே பெட்டியில் பிழை இல்லை, பக்டரி இயந்திரத்தில்தான் பிழை என்று முடிவு கட்டினான். பக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் இரகுநாதனிடம் ஓடிப்போய், சோதித்துப் பார்க்கப் பத்து நிமிடம் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி மன்றாடினான். அவரும் இரங்கி நிறுத்தினார். இயந்திரம் நின்றதும் மின்சாரம் நின்றது. மின்சாரம் நின்றதும் பெட்டி வாயடைத்துப்போனது. அவன் சோதித்து அறிந்தது அவ்வளவுதான்.

அரைபட்டபடி பாதியில் நின்ற தேயிலைக் கொழுந்துக்குத் தோட்டத்தை நடத்தும் துரை விளக்கம் கேட்டார். டீமேக்கர் இளையதம்பியைக் காட்டினார். துரை கந்தோருக்கு வந்து, எல்லோரும் கேட்க அவனை ஆங்கிலத்தில் ஏசிவிட்டுப் போனார். பரமலிங்கம் பேரேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை.

இனி மாமாவுக்கு என்னவென்று எழுதுவது? ஒரு பெட்டியின் வாயை அடக்கத் தெரியாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அழுகை வரும்போலிருந்தது. அடக்கிக்கொண்டு, ஐந்தாம் நாள் பெரிய கிளாக்கர் முன்னால் போய் நின்றான்.

"எனக்கு ஏலாது ஐயா. நான் தொடத் தொடப் பழுதாகுது. பதுளையிலை நல்ல ஆளாப் பாத்துக் காட்டுங்கோ. கூலியை நான் குடுக்கிறன்."

பரமலிங்கம் கோபிக்கவில்லை. பத்திரிகையை மடித்து வைத்தார்.

"அது கிடக்கட்டும். உம்மட சாதகம் கையிலை இருக்கோ?"

"இருக்கு ஐயா."

"நாளைக்குக் கொண்டு வாரும்."

சரி என்று சொல்லிவிட்டானே தவிர, அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வானொலிக்கும் சாதகத்துக்கும் என்ன சம்பந்தம்? தனக்கு அட்டமத்துச் சனி நடக்கிறதா என்று பார்க்கப்போகிறாரோ? சனி என்று தெரிந்தால் கந்தோரிலிருந்தும் அனுப்பிவிடுவாரோ? வாசல் படலை வரைக்கும் குழம்பிக்கொண்டே நடந்தான்.

அங்கே தண்ணீர்க் குடத்தோடு நின்ற வேலாயி அவன் முகத்தைப் பார்த்தாள். பாவமாக இருந்திருக்க வேண்டும். வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க மொத நாளே சரியாக்கிட்டீங்க சின்னக் கிளாக்கரையா. நீங்க படியெறங்குனதும் பெரிய ஐயாதான் தெனம் பின்பலகையக் கழட்டி எதையாச்சும் ஆட்டி வைக்கிறாரு. நம்ம டீச்சரம்மா கோவத்தத் தாங்குற மாப்பிள்ளையான்னு பாக்கணுமாம்."