மலை ஏறுவதை எதிர்த்த காது மாஸ்டர்

கேமரன் மலையில் குடியிருந்துகொண்டே மலை ஏறுவதை எதிர்த்த ஒரே மனிதர் எங்கள் காது மாஸ்டர்தான். மலையடிவாரத் தாப்பாவிலிருந்து பஸ் ஏறி வந்த சுற்றுலாக்காரர்களைக்கூட, ஏதோ தப்புக் காரியம் செய்துவிட்டு வந்தவர்களைப் போலத்தான் பார்ப்பார். ஓய்வு பெற்று லுமுட் கடலோரத்துக்குப் போய்விட்டார். அங்கே ஏறுவதற்கு மலை கிடையாது. நிம்மதியாக இருப்பார் என்று நம்புகிறேன்.

ரிங்லெட் ஏரிக் கரையில் பழைய தேயிலைக் கிடங்கு ஒன்று உண்டு. அணையின் தண்ணீருக்குள் இறங்கிக் குப்பை அள்ளவும் கம்பி வெட்டவும் டைவர்களை அனுப்பும் ஒரு குத்தகைக்காரர் அதை வாடகைக்கு எடுத்து, ஒரு பெரிய இரும்பு உருளையைக் கொண்டுவந்து வைத்தார். காற்றை அழுத்தி நிரப்பும் சேம்பர் அது. பீப்பாயைச் சொல்லும் மலாய் வார்த்தையில், எங்கள் வாயில் அது 'தோங்' ஆகிவிட்டது. தண்ணீரில் இறங்கியவன் உடம்பில் கரைந்த காற்று குமிழி விட்டு மூட்டுகளைப் பிடித்தால், இந்தத் தோங்குக்குள் வைத்து மறுபடி அழுத்தி, மெல்ல மெல்ல விடுவிக்க வேண்டும். அதற்குள் பத்திரமாக வேலை செய்ய ஆட்களைப் பழக்குவதற்கு வந்தவர்தான் மாஸ்டர். தேயிலைத் தொழிற்சாலையில் டிரையர் ஓட்டிக்கொண்டிருந்த நானும் சம்பளத்துக்கு ஆசைப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன்.

அழுத்தம் ஏறும்போது முதலில் அடைப்பது காது. அதனால் அவருக்கு மனிதன் என்றால் இரண்டு காது, நடுவே ஏதோ கொஞ்சம். காலையில் கண்டால் "பசியாறியாச்சா?" என்று ஊரே கேட்கும். இவர், "காது தொறந்துச்சா?" என்பார். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, காற்றை முக்கிக் காட்டினால்தான் உள்ளே விடுவார். ஒருமுறை சம்பளம் கேட்கப் போனவனும் முக்கிக் காட்டிவிட்டுத்தான் வாயைத் திறந்தான்.

அடுத்த சோதனை தலைக்கு. பிராணவாயு இருக்கும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒரு பொறி போதும், உள்ளே இருப்பவன் கரிக்கட்டைதான். ஆகவே வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவன் தலையாக மோந்து பார்ப்பார்.

"யாருடா இன்னிக்கி தேங்கா எண்ணெ?"

"மாஸ்டர், ஒரு சொட்டுதான்லா. பொண்டாட்டி வச்சிவுட்டா."

"அப்ப அவகிட்டயே போ. சோப்பு போட்டு மூணு தடவ குளிச்சிட்டு வா."

மலைக் குளிரில் மூன்று குளியல்! ரிங்லெட் லைன் வீடுகளில் அந்த வருடம் பெண்கள் அவரைத் திட்டாத நாளில்லை.

ஆயுத பூசை அன்றுதான் பெரிய கூத்து. தொழிற்சாலையில் இயந்திரத்துக்குப் பூசை போட்டுப் பழகியவர்கள் நாங்கள், தோங்கை மட்டும் சும்மா விடுவோமா? சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, மாலை எல்லாம் ஆயிற்று. பிராணவாயு சிலிண்டருக்குப் பொட்டு வைத்துவிட்டுத் தட்டில் சூடத்தை ஏற்றினேன். மாஸ்டர் உள்ளே வந்தார். வந்த வேகத்தில் குனிந்து 'பூ' என்று வாயாலேயே ஊதி அணைத்துவிட்டார். சாமிக்கு ஏற்றிய சூடத்தை! எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

"மாஸ்டர், சாமிக் குத்தம்லா!"

"குத்தம் எம்மேல வரட்டும். நெருப்பு உங்க மேல வரக்கூடாது."

பிறகு அவரே தட்டை எடுத்துக்கொண்டு ஐம்பது அடி தள்ளி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே வைத்து, "இங்கேர்ந்து காட்டு. சாமிக்குத் தூரப் பார்வை நல்லாவே இருக்கும்" என்றார். பொட்டு வைத்த சிலிண்டரைப் பொழுது சாயும்வரை துடைத்தேன்.

ஆனால் அவருடைய முதல் சட்டம், தண்ணீரில் இறங்கியவன் அன்றைக்கு மலை ஏறக்கூடாது என்பது. இதற்கு அவர் வைத்திருந்த பாடப் புத்தகம் ஒரு சிப்ஸ் பாக்கெட். "தாப்பாவுல வாங்கறப்போ சப்பையா இருக்கு. பிரிஞ்சாங் வர்றப்போ பலூனாட்டம் ஏன் உப்புது? மேல போகப் போக வெளிய அழுத்தம் கொறையுது, உள்ள இருக்கற காத்து வீங்குது. நீதான்டா பாக்கெட்டு." ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் பிரிஞ்சாங் இரவுச் சந்தைக்குப் போக ஆசைப்பட்ட டைவர்களின் மோட்டார் சைக்கிள் சாவிகளை இதற்காகவே பிடுங்கி வைத்துக்கொள்வார்.

இப்படி இருக்கையில், என் மனைவியின் தம்பி செல்வத்துக்குப் பெண் அமைந்தது. செல்வம் எங்கள் டைவர்களில் ஒருவன். தகப்பன் இல்லாத பையன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவன் நான்தான். நிச்சயதார்த்தம் பிரிஞ்சாங்கில், பெண் வீட்டில். நல்ல நேரம் மதியம் ஒன்றரை மணி வரை. நாங்கள் தட்டுகளோடு போய் உட்கார்ந்தால், மாப்பிள்ளைக்குப் பதிலாக வந்து இறங்கினார் மாஸ்டர்.

விடிகாலையில் அணைக் கம்பியில் குப்பை அடைத்துக்கொண்டதாம். இறங்க வேண்டியவனுக்குச் சளி, காது அடைப்பு. அதனால் செல்வம் இறங்கிவிட்டான். "இன்னிக்கி அவன் மேல வரமாட்டான். நீங்கதான் கீழ வரணும்" என்றார், பெண்ணின் அப்பாவிடம். அவர் தோட்டத்துக் கங்காணி. அவரை யாரும் இறங்கி வரச் சொன்னதில்லை. மாஸ்டர் பையிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டை எடுத்தார். எனக்கு மானமே போயிற்று. ஆனால் கால் மணி நேரத்தில் கங்காணி, "சரி, கீழ போலாம்" என்று வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மோட்டார் சத்தம். பட்டுச் சட்டையில் செல்வம்! சாவியைப் பிடுங்கிவிட்டார் என்று கூட்டாளியின் மோட்டாரை இரவல் வாங்கி வந்திருக்கிறான்.

"ஏண்டா ஏறுன?"

"நல்ல நேரம் போயிடும்லா மாஸ்டர். எனக்கு ஒண்ணுமில்ல."

பத்து நிமிடத்தில் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். கையை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. மாஸ்டர் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வேனில் அவனுக்கு முகமூடி மாட்டிப் பிராணவாயு கொடுத்துக்கொண்டே, டாக்டரோடு போனில் பேசிக்கொண்டே ரிங்லெட்டுக்கு இறக்கினார். பின்னால் காய்கறி லோரியில் சம்பந்தி வீட்டார்.

உள்ளே துணைக்கு ஒருவன் போக வேண்டும். பழகியவர்கள் இரண்டே பேர். ஒருவனுக்குச் சளி. மிச்சம் நான். நிச்சயத்துக்குக் கட்டிய வேட்டியை அவிழ்த்துப் பருத்திச் சட்டையும் கால்சட்டையும் மாட்டிக்கொண்டு செல்வத்தோடு நுழைந்தேன். கதவு மூடியது. அழுத்தம் ஏற ஏற உள்ளே புழுங்கியது. கேமரனில் நான் வியர்த்தது அங்கே மட்டும்தான்.

வெளியே கங்காணியின் தங்கை பேசுவது ஒலிபெருக்கியில் கேட்டது. "இரும்புக்குள்ள வச்சிப் பூட்டற சீக்காளிக்கா நம்ம பொண்ணு?" செல்வம் முகமூடிக்கு மேலே கண்ணை மூடிக்கொண்டான். அந்தப் பேச்சுக்கு முன்னால் அவனுக்கு முழங்கை வலி பெரிதாகத் தெரியவில்லை.

"சீக்கு இல்லம்மா, அவசரம்" என்றார் மாஸ்டர். "கலியாணத்து மேல இருக்கற அவசரம்."

மணி ஒன்று இருபது. தட்டு மாற்றியாக வேண்டும். வாங்க வேண்டிய நான் தோங்குக்குள். "பையனுக்குப் பெரியவரா நீங்களே நின்னு வாங்கிக்குங்க" என்று கங்காணி மாஸ்டர் முன்னால் தட்டை நீட்டினார். மாஸ்டரின் வலக்கை, காற்றை ஏற்றி இறக்கும் வால்வின் மேல் இருந்தது. கண் அழுத்தமானியின் முள்ளை விட்டு நகரவில்லை. சும்மா இருந்தது இடக்கை மட்டும்தான். வெற்றிலைத் தட்டை இடக்கையால் யார் வாங்குவார்?

"ஐயா, மன்னிச்சிக்குங்க. இந்தக் கைய இப்ப எடுக்க முடியாது. உள்ள ரெண்டு பேர் இருக்காங்க."

"அபசகுனம்ணே, வாங்க போலாம்" என்றாள் தங்கை.

கங்காணி அந்தக் கையைப் பார்த்தார். தோங்கின் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார். பிறகு தேயிலைப் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒன்றரை போயிற்று. மூன்று போயிற்று. ஐந்தரைக்குக் கதவு திறந்தது. செல்வம் வெளியே வந்து கையை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டினான்.

"நல்ல நேரந்தான் போயிடுச்சே" என்று யாரோ முனகினார்கள்.

கங்காணி எழுந்தார். "நாலு மணி நேரமா நானும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். இந்த மனுசன் நிக்கற எடத்துல எம்பொண்ணக் குடுக்கறதுக்கு நேரம் என்னா நேரம்?"

தட்டை நீட்டினார். மாஸ்டரும் வலக்கையை நீட்டினார். வால்வைப் பிடித்த மாதிரியே மடங்கிக் கிடந்த விரல்கள் விரிய மறுத்தன. நான் போய் என் இரண்டு கைகளையும் அந்தக் கையின் அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன். என் அப்பா போன பிறகு, எந்தப் பெரியவர் கையையும் நான் அப்படிப் பிடித்ததில்லை.