உறை மோர் டிஸ்க்

என் மனைவி பஞ்சவர்ணத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரி வராந்தாவில். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது சொன்னாள்: "ஏனுங்க, நான் வர்றவரைக்கும் எதையும் ரேடியோவுக்குப் பின்னால ஒளிச்சு வெக்காதீங்க."

நர்ஸ் புரியாமல் விழித்தாள். நான் சிரித்துவிட்டேன்.

தொண்ணூற்றைந்தில் ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன். மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் தெருவுக்கே அது முதல் லேப்டாப். ஹார்ட் டிஸ்க் செத்துப்போயிருந்தது. ஆனால் ஒரு ஃபிளாப்பியைச் செருகினால் போதும், எழுந்து உட்காரும். மந்திரவாதியின் உயிர் கிளிக்குள் இருப்பதுபோல அதன் உயிர் அந்த டிஸ்க்கில். கூடவே கட்டை அடுக்கும் விளையாட்டு ஒன்றும் இருந்தது.

ஒரே வாரத்தில் பஞ்சவர்ணம் என் ஸ்கோரைத் தாண்டினாள். அதுவும் ஒரு கையில் ரசக் கரண்டியோடு. இனி இந்த வீட்டில் கம்ப்யூட்டருக்கு ஒரே தலைவன் என்று முடிவெடுத்து, டிஸ்க்கை ரேடியோவுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"டிஸ்க் எங்கீங்க?"

"மெஷினுக்கு ஓய்வு வேணும்."

"எனக்கு?"

"நீ என்ன மெஷினா?"

சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போய்விட்டாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். சட்டம் பொது என்று காட்ட நானும் அதைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு நஞ்சுண்டசாமி வந்தார். "ஹார்ட் டிஸ்க் இல்லாம ஓடுமா? ஹௌதா? ஓடலேன்னா மேல வடகம் காயவெக்கலாம் சார்" என்று கன்னடம் கலந்து தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தவர். என் மானம் முழுவதும் அந்தச் சதுரத் தகட்டுக்குள். செருகினேன். கர் கர் என்றது. பிறகு ஆங்கிலத்தில் கையை விரித்தது.

"எங்க வெச்சிருந்தீங்க?" என்றாள் பஞ்சவர்ணம்.

"ரேடியோவுக்குப் பின்னால."

"ஸ்பீக்கர்ல காந்தம் இருக்குதுங்க. எல்லாம் அழிஞ்சிருக்கும்."

நஞ்சுண்டசாமி வடகத்துக்கு இடம் பார்ப்பதுபோல லேப்டாப்பைத் தடவினார். பஞ்சவர்ணம் சமையலறைக்குப் போய் இன்னொரு டிஸ்க்கோடு வந்தாள். அதன்மேல் 'உறை மோர்' என்று எழுதியிருந்தது.

"இது எப்படி?"

"வந்த அன்னிக்கே நகல் எடுத்துட்டேனுங்க. கூட வந்த புஸ்தகத்துல முதல் பக்கமே அதான். உறைக்கு ஒரு கரண்டி எடுத்து வெக்காம தயிரை யாராச்சும் மொத்தமா காலி பண்ணுவாங்களா?"

லேப்டாப் எழுந்தது. நஞ்சுண்டசாமி அதன்மேலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பெருமை தாங்காமல் விளையாட்டையும் திறந்து காட்டினேன். ஸ்கோர் பட்டியல் வந்தது. முதல் பத்து இடத்திலும் பஞ்சவர்ணம்.

"எப்ப விளையாடினே?"

"மெஷின் ஓய்வெடுக்கறப்போ."

அந்த லேப்டாப் எப்போதோ பழைய சாமான்காரரிடம் போய்விட்டது. 'உறை மோர்' டிஸ்க் மட்டும் இருக்கிறது, ரேடியோவிலிருந்து நன்றாகத் தள்ளி. அதில் முதல் பத்து இடமும் இன்னும் அவளுடையதுதான்.