சிலுவைராஜுக்குப் பயிற்சி தேவையில்லை

சிங்கப்பூரில் எந்தத் தமிழ்ப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் ஆண்டவர். இன்னொருவர் ஃபேரர் பார்க் பக்கத்துக் கிளை நூலகத்தின் தற்காலிகத் தமிழ்ப் பிரிவுத் தலைவர் சிலுவைராஜ். இதைச் சொன்னவர் சிலுவைராஜ். ஆண்டவர் இதுவரை மறுக்கவில்லை.

ஆகவே 1984ஆம் ஆண்டு ஒரு புதன்கிழமை காலை, அபூர்வ நூல்கள் இருக்கும் கண்ணாடி அலமாரியின் வரிசை நடுவே ஒரு கையகல ஓட்டை இருப்பதை உதவி நூலகர் பரீதா கண்டுபிடித்தபோது சிலுவைராஜ் பதறவில்லை.

"சார், ஆசிரியர் சங்க மலரைக் காணோம். முப்பத்தெட்டாம் வருஷத்து மலர், சிவப்பு பைண்டு."

"காணோம்னு சொல்லாதேம்மா. நான்தான் நேத்து எடுத்துப் பத்திரமா வச்சிருக்கேன்."

"அப்ப மஞ்சள் அட்டை எங்க சார்?"

பரீதா வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். நூலகர்களுக்குத் தலைமையகம் நடத்தும் எந்தப் பயிற்சியையும் விடமாட்டாள். போன வாரம்தான் மூன்று நாள் கோர்ஸ் முடித்து, பதினெட்டுப் பக்கக் கையேட்டோடு வந்திருந்தாள். அதில் ஏழாம் விதி: அலமாரியிலிருந்து யார் புத்தகத்தை எடுத்தாலும், அந்த இடத்தில் ஒரு மஞ்சள் அட்டை வைக்க வேண்டும். எடுத்தவர் பெயர், தேதி, புத்தகம் இப்போது இருக்கும் இடம்.

"கல்யாண மாப்பிள்ளை கை கழுவப் போனா, நாற்காலியில சீட்டு எழுதி வச்சிட்டா போறான்?" என்றார் சிலுவைராஜ். "எந்த வேலைவெட்டி இல்லாத மேதாவி எழுதின கையேடோ!"

மூலையில் டைப்ரைட்டர் முன்னால் இருந்த அஸ்மத் தலையைத் தூக்கினார். இருபத்தைந்து வருட சர்வீஸ்.

"சார், அந்தக் கையேடு வந்து..."

"நீங்க டைப் அடிங்க அஸ்மத்."

அஸ்மத் டைப் அடித்தார்.

அந்த கோர்ஸுக்குச் சிலுவைராஜும் அனுப்பப்பட்டிருந்தார். மூன்று நாளும் காலை ஒன்பது மணிக்கு வருகைப் பதிவில் அழகாகக் கையெழுத்துப் போட்டார். மூன்று நாளும் ஒன்பதரைக்கு ஃபேரர் பார்க் கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ குடித்தார். இருபத்து மூன்று வருட அனுபவத்துக்கு யார் பாடம் எடுப்பது? கடைசி நாள், கிளையில் எல்லாருக்கும் கொடுக்கச் சொல்லி ஒரு கட்டுக் கையேட்டை அவர் கையில் திணித்தார்கள். அது அவர் மேசையில் பிளாஸ்க்குக்கு ஸ்டாண்டாக நல்லபடியாகவே உழைத்துக்கொண்டிருந்தது.

காணாமல் போன மலர், அதாவது பத்திரமாக இருக்கும் மலர், சாதாரணப் புத்தகம் இல்லை. நாட்டிலேயே ஒரே பிரதி. தலைமையகத்துச் சுப்பிரமணியம் செவ்வாய்க்கிழமை போன் செய்திருந்தார். "வெள்ளிக்கிழமை வர்றேன் மிஸ்டர் சிலுவைராஜ். கண்காட்சிக்கு அந்த மலர் வேணும். கோர்ஸ்ல படிச்சதெல்லாம் நடைமுறைக்கு வந்திருக்கான்னும் பாக்கணும். திருப்தியா இருந்தா அங்கேயே பதவி நிரந்தரம்னு உங்க கன்பர்மேஷன்ல கையெழுத்து. இல்லேன்னா ஊர்க்கோடியில இருக்கிற துவாஸ் கிடங்குக்கு ஒரு ஆள் கேக்குறாங்க லா."

மூன்று வருடமாகச் சிலுவைராஜ் 'தற்காலிகம்'. மனைவி பிரிஜட் கோவிலில் எல்லாரிடமும் 'தலைவர்' என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள்.

போனை வைத்ததும் மலரை எடுத்து, யார் கையும் படாத ஓர் இடத்தில் வைத்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. எந்த இடம் என்பது மட்டும்தான் நினைவில்லை.

புதன்கிழமை முழுக்கத் தேடினார். லாக்கரில் குடை இருந்தது. பீரோவின் மேல் இன்னொரு குடை இருந்தது. அது இரண்டு வருடத்துக்கு முன் காணாமல் போனது.

"என்ன சார் தேடுறீங்க?"

"தேடலம்மா. சரிபாக்குறேன்."

சாயங்காலம் அந்த ஓட்டை அவரையே முறைத்துப் பார்ப்பது போலிருந்தது. பொது அலமாரியிலிருந்து அதே தடிமனில், அதே சிவப்பில் ஒரு சமையல் புத்தகத்தை எடுத்துச் செருகினார். கச்சிதம்.

ஆனால் சமையல் வரிசையில் ஓட்டை விழுந்தது. அங்கே கோழி வளர்ப்புப் புத்தகம் ஒன்றை வைத்தார். கோழி இருந்த இடத்தில் சித்த மருத்துவம். சித்த மருத்துவத்தின் இடத்தில் சோதிடம். வியாழக்கிழமை மதியத்துக்குள் பதினொரு புத்தகங்கள் இடம் மாறியிருந்தன. பதினொன்றும் தலைக்குள் இருப்பதாகச் சிலுவைராஜ் நம்பினார்.

மூன்று மணிக்குப் பிலோமினம்மாள் வந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ். பத்து வருடமாகக் கண்ணாடி போடாமலே அதே அலமாரியில், அதே மூலையில், அதே சமையல் புத்தகத்தைக் கைதடவி எடுத்துப் போகிறவர்.

"தம்பி, காலையில எடுத்துட்டுப் போனேன். வீட்ல பேத்தியை விட்டு மாங்காய் ஊறுகாய் படின்னேன். அவ, 'முதலில் கோழியைத் தனியாக அடைத்து வைக்கவும்'னு படிக்கிறா."

"அது... புதுப் பதிப்பும்மா."

"கோழிக்குக் கழிச்சல் வந்தா என்ன மருந்துன்னும் போட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை ஃபாதருக்கு விருந்து தம்பி. என்னை வம்புல மாட்டிவிட்டுறாத."

"ஒரு நிமிஷம்மா. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துத் தர்றேன்."

கண்ணை மூடாமலேயே எடுத்தார். சோதிடம் வந்தது. மறுபடி கைவிட்டார். சித்த மருத்துவம் வந்தது. மூன்றாம் முறை தையற்கலை வந்தது. ஊறுகாய் எங்கே போனது? பிலோமினம்மாள் கைப்பையைத் திறந்து, பத்து வருடத்தில் முதல் தடவையாக மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மாட்டியதும் நேராகக் கண்ணாடி அலமாரியைப் பார்த்தார்.

"அங்க இருக்கே தம்பி, சமையல் புத்தகம்! பூட்டி வைக்கிற அளவுக்கு அப்படி என்ன ஊறுகாய்?"

பரீதா சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டு, அந்த அம்மாவுக்குப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். பிறகு ஒரு கட்டு மஞ்சள் அட்டையைச் சிலுவைராஜ் மேசையில் வைத்தாள்.

"வேணாம்மா. ஞாபகம் இல்லாதவங்களுக்கு அது."

"சரி சார். சும்மா இங்க இருக்கட்டும். நான் டீ குடிச்சிட்டு வர்றேன்."

அவள் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை காத்திருந்துவிட்டு ஓர் அட்டையை எடுத்தார். மூன்று கோடுகள். எந்தக் கோட்டில் எதை எழுதுவது? இதற்குக்கூட அந்த மேதாவியைத்தான் கேட்க வேண்டும். பிளாஸ்க்கை நகர்த்தினார். கையேட்டுக் கட்டின் கயிற்றை அவிழ்த்து மேலே இருந்த பிரதியை உருவினார். கட்டு சரிந்தது.

அடியில் சிவப்பு பைண்டு.

அப்போதுதான் நினைவு வந்தது. செவ்வாய்க்கிழமை, யார் கையும் படாத இடம் எது என்று யோசித்து, இந்தக் குப்பையை எவன் தொடப்போகிறான் என்று அவரே சிரித்துக்கொண்டே வைத்த இடம்.

மலரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கையேட்டைப் பிரித்தார். முதல் பக்கம் தேநீர்க் கறையில் மேலட்டையோடு ஒட்டிப்போயிருந்தது. இரண்டாம் பக்கத்திலிருந்து நின்றபடியே படித்தார். ஏழாம் விதியில் உட்கார்ந்தார். பன்னிரண்டாம் விதியில் தலையை ஆட்டினார்.

"அஸ்மத், இந்த ஆளு விஷயம் தெரிஞ்சவன். நடையிலேயே ஒரு கம்பீரம் இருக்கு பாருங்க."

"அதைத்தான் சார் நானும் சொல்ல வந்தேன், அது..."

"சத்தம் போடாதீங்க அஸ்மத். படிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கே சுப்பிரமணியம் வந்து நின்றார். இடம் மாறிய புத்தகங்களைச் சிலுவைராஜ் உருவி எடுத்துப் புத்தகத் தள்ளுவண்டியில் அடுக்கியிருந்தார். எது எங்கே போக வேண்டும் என்று பார்க்கத்தான் நேரமில்லை. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு மஞ்சள் அட்டை, அவருடைய மணியான கையெழுத்தில்.

சுப்பிரமணியம் அலமாரி அலமாரியாக நடந்தார். அட்டைகளைத் தொட்டுப் பார்த்தார். சிலுவைராஜுக்குத் துவாஸ் காற்று மூக்கில் அடித்தது.

"எட்டுக் கிளைக்குப் போயிட்டேன் மிஸ்டர் சிலுவைராஜ். ஒரு இடத்துலகூட ஒரு மஞ்சள் அட்டை இல்ல. எல்லாரும் சர்ட்டிபிகேட்டை மட்டும் சட்டம் போட்டு மாட்டியிருக்காங்க. இங்க பதினொண்ணு! இதுல்ல பயிற்சி!"

"நான் ஆரம்பத்துலேருந்தே இதுல ரொம்பக் கண்டிப்பு சார்," என்றார் சிலுவைராஜ்.

பரீதா கூரை விசிறியை உற்றுப் பார்த்தாள்.

சுப்பிரமணியம் அங்கேயே பேனாவைத் திறந்தார். மூன்று வருடத் 'தற்காலிகம்' ஒரே கையெழுத்தில் கரைந்தது. "கையேடு எப்படி இருந்துச்சு? அது பழைய சரக்கு. யார் எழுதினதுன்னு பேர்கூட இல்ல. நல்லா இருக்குன்னு அப்படியே வருஷா வருஷம் பிரதி எடுத்துக்கிட்டிருக்கோம்."

"எழுதின ஆளைப் பாத்தா ரெண்டு கையையும் புடிச்சுக்குவேன் சார்."

மலரை வாங்கிக்கொண்டு சுப்பிரமணியம் கிளம்பினார். பிரிஜட்டுக்குப் போன் பண்ண வேண்டும். அதற்கு முன் சிலுவைராஜ் இருபுறமும் பார்த்தார். பரீதா வாசலில் இருந்தாள். சத்தமில்லாமல் பன்னிரண்டாவது அட்டையை எடுத்து, மலர், தலைமையகம், தேதி, தன் பெயர் என்று எழுதி, கண்ணாடி அலமாரியின் ஓட்டையில் நேராக நிறுத்திவைத்தார்.

பின்னால் அஸ்மத் தொண்டையைச் செருமினார்.

"இப்பவாச்சும் சொல்ல விடுங்க சார். அறுபத்தாறுல நீங்க இந்த ரூமுக்குள்ள நடந்துக்கிட்டே சொல்லச் சொல்ல, அந்தக் கையேட்டை டைப் அடிச்சதே நான்தான். முதல் விதியே, 'எல்லாம் என் ஞாபகத்துல இருக்குன்னு சொல்ற நூலகரை முதல்ல கோர்ஸுக்கு அனுப்பு'ன்னுதானே சார் ஆரம்பிச்சீங்க!"