அசரீரிக்கு மூச்சு முட்டியபோது

புதிதாக ஓர் உலகத்தைக் கற்பனை செய்கிறவனுக்கு, அதில் இருப்பவர்கள் மூச்சு விடவும் வேண்டும் என்பது கடைசியில்தான் ஞாபகம் வரும். எனக்கு மேடையில் வைத்து ஞாபகம் வந்தது.

வெள்ளைக்காரன் காலம். ஆவடிப் பக்கத்தில் ரேடியோவைப் பார்த்தவர்களைவிடப் பேயைப் பார்த்தவர்கள் அதிகம். நான் பட்டணத்தில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். (வீட்டில் அப்படித்தான் நம்பினார்கள்.) கம்பியே இல்லாமல் குரல் வருகிறதென்றால், மந்திரத்துக்கும் யந்திரத்துக்கும் நடுவே வேலி எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வி குடைந்த குடைச்சலில் ஒரு நாடகமே எழுதிவிட்டேன். மந்திரவாதி ஒரு பெட்டியின் குமிழைத் திருகி மந்திரம் சொல்வான். செத்துப்போன ராஜா பேசுவார். குமிழ் இல்லாமல் மந்திரம் பலிக்காது, மந்திரம் இல்லாமல் குமிழ் வேலை செய்யாது. என் சொந்தக் கண்டுபிடிப்பாக்கும்!

முத்தாபுதுப்பேட்டைத் திருவிழாவில் அரங்கேற்றம். மந்திரவாதி நான். மரப்பெட்டிக்குள் ராஜாவாக என் சிநேகிதன் கோபால். முன்வரிசையில் என் தாய்மாமன். மகள் வள்ளியை எனக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று பார்த்து முடிவுசெய்ய வந்திருந்தார்.

திருகினேன். "மகனே!" என்றது பெட்டி. கூட்டம் எழுந்து கும்பிட்டது. நான் எழுதாத காட்சி அங்கேதான் ஆரம்பம். இரண்டு பெண்கள் மேடையேறி, பெட்டிக்கு மாலை போட்டுச் சாம்பிராணி காட்டினார்கள். ஆயுதபூஜைக்கு ஏர்க்கலப்பைக்கே பொட்டு வைக்கிறவர்கள், பேசுகிற பெட்டியைச் சும்மா விடுவார்களா? என் பெரிய கேள்வி அவர்களுக்குக் கேள்வியே இல்லை.

மாமனும் ஏறினார். "சாமி, எம் பொண்ண இந்தப் பையனுக்குக் குடுக்கலாமா? ஒரு வார்த்த சொல்லு."

பெட்டி இருமியது.

"இன்னாடா மாப்ளே, சாமிக்கு இருமல் கீதா?"

"வானத்துல மேகம் மாமா. அலை தடுக்குது."

மேகம் மறுபடி இருமியது. பெட்டி ஆடியது, சாய்ந்தது, மூடி பிளந்தது. பாதித் தாடியோடு ராஜா தவழ்ந்து வெளியே வந்தார். "டேய் மச்சான்! மந்திரம் கெடக்கட்டும், ஒரு ஓட்ட போட்டியாடா நீ?"

ஊரே உருண்டு சிரித்தது. மாமன் மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியைச் சுற்றிவந்து, தட்டிப் பார்த்தார்.

"உள்ள பூந்தவன் எப்பிடி மூச்சு வுடுவான்னு ரோசன பண்ணாதவன், எம் பொண்ண ஊட்ல எப்பிடி வெச்சுக்குவான்? மொதல்ல சன்னல் வெச்சு ஒரு ஊடு கட்டு. அப்பால பேசலாம்."

கட்டினேன். சமையலறைக்கே மூன்று சன்னல். (மழை வந்தால் எல்லாவற்றையும் சாத்தி முடிப்பதற்குள் நனைந்துவிடுவோம்.) பின்னால் நிஜமான ரேடியோ வாங்கி வந்தபோது, வள்ளி குமிழைத் தொடவில்லை, பெட்டியைத் திருப்பி முதுகைப் பார்த்தாள்.

"ஓட்ட கீது. உள்ள கீறவரு பொழச்சுக்குவாரு."

இன்றைக்கும் செய்தி வாசிப்பவர் லேசாக இருமினால் போதும், எங்கள் வீட்டில் யாராவது எழுந்துபோய் ஒரு சன்னலைத் திறந்துவிடுகிறார்கள்.